எக்ஸ்பி, லினக்ஸ், விண்டோஸ் 11: மூன்றையும் ஒரே லேப்டாப்பில் ஓட்டலாமா?

கடலூர் முதுநகரில் சின்ன அச்சகம் நடத்துகிறீர்கள். விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினி எப்போது நிற்குமோ என்ற நிலையில் இருக்கிறது. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், லாக் (போர்ட்டில் செருகும் சின்ன உரிமக் கருவி) போட்டால் மட்டும் திறக்கும் பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள், இத்தனை வருடக் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பில் புக் ஃபைல்கள் எல்லாம் அதில்தான். இப்போது விண்டோஸ் 11, 8 ஜிபி ரேமுடன் புது லேப்டாப் வாங்கியிருக்கிறீர்கள். புதுச்சேரியில் பொறியியல் படிக்கும் மகளுக்கு லினக்ஸும் வேண்டும். விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் இன்னொரு கணினி) போட்டு மூன்றையும் ஓட்டலாமா, டூயல் பூட் (துவக்கும்போது எந்த இயங்குதளம் என்று தேர்ந்தெடுப்பது) நல்லதா, விர்ச்சுவல் மெஷின் போட்டால் லேப்டாப் கெட்டுவிடும் என்று கடையில் சொன்னது உண்மையா என்பது உங்கள் கேள்வி. பழைய கணினி ஒரு நாள் நின்றுபோனால் அடுத்த நாள் காலையில் பத்திரிகை அடிக்க முடியுமா என்ற கவலைதான் இதற்கு அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். மாலை நேரத்தில் புதுச்சேரி, கடலூர், நெல்லிக்குப்பம் பக்கத்து அச்சகங்களுக்கும் டிடிபி சென்டர்களுக்கும் கணினி வேலை செய்து கொடுப்பேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எக்ஸ்பிக்கு விர்ச்சுவல் மெஷின்தான் சரியான வழி. மகளின் லினக்ஸுக்கும் அதுவே போதும். ஆனால் எக்ஸ்பி திரையில் வந்துவிட்டது என்பதால் மட்டும் வேலை முடிந்துவிடாது. உங்கள் லாக் வேலை செய்து, பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து, அது எழுத்து மாறாமல் தாளில் வந்தால்தான் முடிந்தது. கீழே எழுதுவதெல்லாம் அந்தத் தாளை நோக்கித்தான்.

முதலில் கடைக்காரர் சொன்ன பயம். விர்ச்சுவல் மெஷின் என்பது ஒரு சாதாரண மென்பொருள் உருவாக்கித் தரும் கணினி. அதற்கு ஹார்ட் டிஸ்க்காக இருப்பது உங்கள் லேப்டாப்பில் கிடக்கும் ஒரு பெரிய ஃபைல். அதன் ரேம், உங்கள் ரேமில் நீங்கள் ஒதுக்கிக் கொடுத்த பங்கு. கீழே வீட்டுக்காரர் இருக்க, மாடியில் ஒரு குடித்தனம் வைப்பது போலத்தான். மாடியில் இருப்பவர் காலி செய்தாலும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. அந்த ஃபைலை அழித்தால் எக்ஸ்பி போய்விடும், விண்டோஸ் 11 அப்படியே இருக்கும். இது நேற்று வந்த சமாச்சாரமும் இல்லை. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே தன் பெரிய கணினிகளில் இதைச் செய்து பார்த்து, 1972-ல் விஎம்/370 என்ற பெயரில் வெளியிட்டது. நம்முடைய மேஜைக் கணினிக்கு 1999-ல் விஎம்வேர் கொண்டுவந்தது. இன்டெல் 2005-லும் ஏஎம்டி 2006-லும் இதற்கான வசதியை ப்ராசஸருக்குள்ளேயே வைத்தன. அதன் பிறகு வேகமும் பெரிய குறையாக இல்லை. லேப்டாப் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், ஃபேன் அதிகம் ஓடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். கடைக்காரர் சொன்னதில் உண்மை அவ்வளவுதான்.

டூயல் பூட் பற்றி. எக்ஸ்பிக்கு அந்த வழி உங்கள் லேப்டாப்பில் அடைபட்டுவிட்டது. புது லேப்டாப்கள் யூஈஎஃப்ஐ என்ற புது முறையில் துவங்குகின்றன. நம் ஊரில் எல்லோரும் வைத்திருந்த 32 பிட் எக்ஸ்பிக்கு அது தெரியாது. தெரிந்தாலும் புது டிஸ்ப்ளே, வைஃபை, எஸ்எஸ்டி எதற்கும் எக்ஸ்பிக்கு டிரைவர் (ஹார்ட்வேரை இயக்கும் மென்பொருள்) கிடைக்காது. விர்ச்சுவல் மெஷின் இந்தச் சிக்கலைத் தாண்டுவது எப்படியென்றால், எக்ஸ்பிக்கு அது காட்டுவது உங்கள் புது ஹார்ட்வேரை அல்ல, எக்ஸ்பி காலத்துப் பழைய ஹார்ட்வேரை. லினக்ஸுக்கு டூயல் பூட் முடியும், நன்றாகவும் ஓடும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். மகள் லினக்ஸில் ப்ராஜெக்ட் செய்துகொண்டிருக்கும்போது வாடிக்கையாளர் வந்தால் எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி துவக்க வேண்டும். தொழிலுக்கு வைத்திருக்கும் கணினியில் டிஸ்க்கின் பார்ட்டிஷனை (பகுதிகளை) வெட்டி ஒட்டும் வேலையை நான் விரும்புவதில்லை.

ஆரம்பிக்கும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூவைச் சொடுக்குங்கள். கீழே விர்ச்சுவலைசேஷன் என்ற வரியில் எனேபிள்ட் என்று இருந்தால் சரி. டிஸேபிள்ட் என்றிருந்தால் பயாஸில் (லேப்டாப் துவங்கும்போது திறக்கும் அடிப்படை செட்டிங் திரையில்) போய் இயக்க வேண்டும்; இன்டெல் என்றால் விடி-எக்ஸ் அல்லது இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்றும் இருக்கும். பயாஸில் கை வைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. புது லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க்கைப் பாதுகாக்கும் பிட்லாக்கர் பூட்டு வாங்கும்போதே போடப்பட்டிருக்கிறது. பயாஸில் எதையாவது மாற்றினால் அது ரெகவரி கீ கேட்கக்கூடும். அந்த நீண்ட எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முதலில் அதை எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, லேப்டாப்பின் ப்ராசஸர் இன்டெல் அல்லது ஏஎம்டியாக இருக்க வேண்டும். ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் வகையாக இருந்தால் எக்ஸ்பியை இந்த முறையில் ஓட்ட முடியாது. கட்டளை ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்துத்தான் ஓட்ட வேண்டும், மிகவும் மெதுவாக இருக்கும்.

ரேம் கணக்கு எளிது. விண்டோஸ் 11-ம் ப்ரௌசரும் சேர்ந்து 4 ஜிபியை எடுத்துக்கொள்ளும். எக்ஸ்பிக்கு 1 ஜிபி தாராளம். பேஜ்மேக்கர் அதற்கும் குறைவிலேயே சந்தோஷமாக ஓடும். லினக்ஸுக்கு 2 முதல் 4 ஜிபி வேண்டும். ஆக 8 ஜிபியில் எக்ஸ்பியை நாள் முழுக்கத் திறந்து வைக்கலாம், லினக்ஸைத் தனியாக ஓட்டலாம், இரண்டையும் சேர்த்துத் திறந்தால் திணறும். ரேம் ஸ்லாட் காலியாக இருந்தால் 16 ஜிபி ஆக்கிவிடுங்கள். இந்த வேலைக்காகச் செலவழிக்கும் பணத்தில் அதிகப் பலன் தருவது இதுதான். சில லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், கூட்ட முடியாது. மாடல் எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளுக்கு வருவோம். விர்ச்சுவல் மெஷின் ஓட்ட விண்டோஸுடன் வரும் ஹைப்பர்-வி என்ற வசதி ஹோம் பதிப்பில் இல்லை. ப்ரோவில் இருந்தாலும் லேப்டாப்பில் செருகிய யூஎஸ்பி கருவியை உள்ளே இருக்கும் எக்ஸ்பியிடம் நேரடியாகக் கொடுக்க அதில் வழி இல்லை. உங்கள் லாக் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். மிச்சம் விர்ச்சுவல்பாக்ஸும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனும். ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அதோடு தனியாகத் தரும் எக்ஸ்டென்ஷன் பேக் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே இலவசம். அச்சகத்துக்கு அதைப் போடாதீர்கள், தேவையும் இல்லை. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பரிலிருந்து வணிகத்துக்கும் இலவசமாகிவிட்டது. நான் முதலில் விர்ச்சுவல்பாக்ஸில் முயல்வேன், லாக் பிடிபடாவிட்டால் விஎம்வேருக்குப் போவேன். விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை நிற ஆமைப் படம் தெரிந்தால், பின்னணியில் ஹைப்பர்-வி ஓடிக்கொண்டு அதன் வேகத்தை இழுக்கிறது என்று பொருள். விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் என்ற பாதுகாப்பு இயங்குவதால் இது வரும். எக்ஸ்பி அளவுக்கு அந்த மந்தம் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான்; அதற்காகப் பாதுகாப்பை அணைக்க வேண்டாம்.

எக்ஸ்பியை உள்ளே கொண்டுவர இரண்டு வழி. பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து மாற்றுவது ஒன்று. சிடியிலிருந்து புதிதாக நிறுவி, பேஜ்மேக்கரையும் எழுத்துருக்களையும் மறுபடி போடுவது மற்றொன்று. நிறுவும் சிடிக்கள் கையில் இருந்தால் இரண்டாவதுதான் நல்லது, வருடக்கணக்கில் சேர்ந்த குப்பை ஒழியும். சிடி தொலைந்திருந்தால் முதல் வழிதான். நகலெடுத்த எக்ஸ்பி புது இடத்தில் துவங்கும்போது கடைசியில் 7பி என்று முடியும் எண்ணோடு நீலத் திரை காட்டுவது மிக வழக்கம். தன் டிஸ்க் கன்ட்ரோலர் மாறிவிட்டதால் எக்ஸ்பி திகைத்து நிற்கிறது. விர்ச்சுவல் டிஸ்க்கின் இணைப்பு வகையை சாட்டா என்று விடாமல் பழைய ஐடிஈ என்று மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் எழுந்துவிடும். புதிதாக நிறுவும்போதும் ஐடிஈதான், ஏனென்றால் எக்ஸ்பி சிடியில் சாட்டாவுக்கான டிரைவர் இல்லை. உரிம விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும்: பழைய கணினியோடு வந்த ஓஈஎம் எக்ஸ்பி உரிமம் அந்தக் கணினிக்கு மட்டும் உரியது. தனியாகப் பெட்டியில் வாங்கியது என்றால் மாற்றலாம்.

இனி லாக். இந்தப் பதிலில் உறுதி குறைவான இடம் இதுதான். உங்கள் லாக் யூஎஸ்பி என்றால், விர்ச்சுவல்பாக்ஸின் யூஎஸ்பி பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து எக்ஸ்பியிடம் கொடுத்துவிடலாம். நான் கைவைத்த இடங்களில் பெரும்பாலும் வேலை செய்தது. ஆனால் சில லாக்குகள் தாங்கள் விர்ச்சுவல் மெஷினுக்குள் இருப்பதைக் கண்டுபிடித்துத் திறக்க மறுக்கும். உங்களுடையது எந்த ரகம் என்பது செருகிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே டேட்டாவை நகலெடுத்த கையோடு, மற்ற வேலைகளுக்கு முன் இதைச் செய்து பாருங்கள். பழைய ப்ரிண்டர் கேபிள் செருகும் பேரலல் போர்ட்டில் மாட்டும் லாக் என்றால் கஷ்டம். புது லேப்டாப்பில் அந்தப் போர்ட் கிடையாது, கடையில் விற்கும் யூஎஸ்பி பேரலல் கேபிள் ப்ரிண்டருக்கு உதவுமே தவிர லாக்குக்கு அநேகமாக உதவாது. மென்பொருளை விற்றவர்களிடம் பில்லைக் காட்டி யூஎஸ்பி லாக்காக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். லாக்கை உடைத்த பதிப்பு இணையத்தில் கிடைக்கிறது என்று யாராவது பென்டிரைவோடு வந்தால் வாங்காதீர்கள். உரிமம் ஒருபுறம் இருக்க, அப்படி வரும் ஃபைல்களில் வைரஸ் வருவது சர்வ சாதாரணம்.

எழுத்துருக்கள் விஷயம் தமிழ் அச்சகங்களுக்கே உரியது. பழைய தமிழ் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் எழுத்துகளை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு. தமிழ்நாடு அரசு 1999-ல் டாம், டாப் என்று இரண்டு முறைகளைத் தரப்படுத்தியது, 2010-ல் யூனிகோடை (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டை) ஏற்றது. ஆனால் அதற்குள் அச்சகங்களில் மலையாக ஃபைல்கள் சேர்ந்துவிட்டன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களுக்கான ஆதரவையும் அடோபி 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அதனால்தான் பேஜ்மேக்கரை மட்டும் புதுக் கணினியில் ஏற்றுவதால் பயனில்லை என்கிறேன். 2001-ல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பதிப்பு. எழுத்துரு, விசைப்பலகை டிரைவர், லாக், பேஜ்மேக்கர் நான்கும் சேர்ந்து ஒரே குடும்பமாக எக்ஸ்பிக்குள்ளேயே இருக்கட்டும்.

அச்சிடுவதற்கு எக்ஸ்பியிலிருந்து நேராக ப்ரிண்டருக்கு அனுப்பாதீர்கள். புது ப்ரிண்டருக்கு எக்ஸ்பி டிரைவர் இருக்காது. பேஜ்மேக்கர் 7.0-உடன் வந்த டிஸ்டிலர் மூலம் பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருக்களை அதற்குள் பதித்து, ஷேர்டு ஃபோல்டரில் (எக்ஸ்பியும் விண்டோஸ் 11-ம் பகிரும் ஃபோல்டர்) போடுங்கள். விண்டோஸ் 11-ல் அந்த பிடிஎஃபைத் திறந்து அச்சிடுங்கள். எழுத்துரு உள்ளே பதிந்திருப்பதால் எழுத்து மாறாது. ஆஃப்செட்டுக்கு ப்ளேட் போட வெளியே அனுப்புவதானாலும் இதே பிடிஎஃப்தான். முதல் சில நாட்கள் கொம்பு, கால், ஒற்றெழுத்துப் புள்ளி எல்லாம் சரியாக வருகிறதா என்று பழைய தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிஸ்டிலர் எழுத்துருவைப் பதிக்க மறுத்து வேறொன்றை வைத்துவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு.

எக்ஸ்பிக்கு இணையம் கொடுக்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு அதற்கான ஆதரவை முடித்துக்கொண்டது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீய மென்பொருள் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அதே மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கு அவசரமாக ஒரு பேட்ச் கொடுக்க வேண்டிவந்தது. இனியும் கொடுப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது. விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்கில் நெட்வொர்க் அடாப்டரை எடுத்துவிடுங்கள். ஷேர்டு ஃபோல்டர் அது இல்லாமலும் வேலை செய்யும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவை எக்ஸ்பியில் செருகாமல் முதலில் விண்டோஸ் 11-ல் ஸ்கேன் செய்து, தேவையான ஃபைலை மட்டும் ஷேர்டு ஃபோல்டரில் போடுங்கள்.

மகளின் லினக்ஸ் பெரிய விஷயமில்லை. உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ 25 முதல் 40 ஜிபி டிஸ்க் ஒதுக்கி நிறுவினால் சி, பைத்தான், நெட்வொர்க் பயிற்சி எல்லாம் நடக்கும். 8 ஜிபியில் மூச்சு முட்டினால் எடை குறைந்த சுபுண்டு அல்லது லுபுண்டு போடச் சொல்லுங்கள். கட்டளை வரியும் ப்ரோக்ராமிங்கும் மட்டும் போதும் என்றால் விண்டோஸ் 11-லேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதி இன்னும் இலகு, ஹோம் பதிப்பிலும் வரும். ஆனால் இயங்குதளத்தை நிறுவுவது, பார்ட்டிஷன் பிரிப்பது, தவறாக எதையாவது அழித்து மறுபடி எழுப்புவது என்று கற்றுக்கொள்ள விர்ச்சுவல் மெஷின்தான் வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் பயமில்லாமல் லினக்ஸைக் கையாள ஆரம்பித்ததே ஸ்னாப்ஷாட் எடுக்கக் கற்ற பிறகுதான். அந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைத்துக்கொண்டு, என்ன குளறுபடி ஆனாலும் ஒரு சொடுக்கில் திரும்பி வரலாம். கிராஃபிக்ஸ் கார்டை முழு வேகத்தில் பயன்படுத்தும் டீப் லேர்னிங் மாதிரி வேலை வந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் போதாது. அப்போது டூயல் பூட் பற்றி யோசிக்கலாம்.

ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நினைத்துவிடக் கூடாது. அது அதே லேப்டாப்பில், அதே டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் சேர்ந்து போகும். நம் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பரில் தானே புயல், 2015-ல் வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அதன் பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளம். விர்ச்சுவல் மெஷினின் பெரிய வரம் இங்கேதான் இருக்கிறது: உங்கள் எக்ஸ்பி கணினி முழுவதும் ஒரு ஃபோல்டர். அதை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, அச்சகத்தில் இல்லாமல் உறவினர் வீட்டு மாடியில் வைத்துவிட்டால், லேப்டாப் தண்ணீரில் போனாலும் வேறு ஒரு லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸைப் போட்டு அன்றைக்கே வேலையைத் தொடரலாம். நகலெடுக்கும்போது எக்ஸ்பியை ஷட் டவுன் செய்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலை நம்ப முடியாது. ஹார்ட் டிஸ்க் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் ஆக்கிக்கொள்ளுங்கள். பேட்டரி தேய்ந்த லேப்டாப்பில் கரன்ட் போகும்போது விர்ச்சுவல் டிஸ்க் பழுதாவதையும் பார்த்திருக்கிறேன், ஆகவே பேட்டரி பலவீனமானதும் மாற்றிவிடுங்கள்.

இந்த ஏற்பாடு பழைய ஃபைல்களைக் காப்பாற்றும், புது வேலைக்கு இதையே நம்பியிருக்க வேண்டாம். லாக் ஒரு நாள் கெட்டால் இதுவும் நின்றுவிடும். புதிதாக வரும் பத்திரிகைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக யூனிகோடில் செய்யப் பழகுங்கள். இலவசமான பக்க வடிவமைப்பு மென்பொருள் ஸ்க்ரைபஸின் 1.6 பதிப்பு தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கிறது. திரும்பத் திரும்ப வரும் வாசகங்களை, அதாவது விருத்தம், அழைப்பு வரிகள், கோயில் விழா நோட்டீஸ் மாதிரிகள் போன்றவற்றை, யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி.

செய்ய வேண்டிய வரிசை இப்படி இருக்கட்டும். இன்று இரவே பழைய கணினியின் டேட்டாவை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். விர்ச்சுவல் மெஷின் எல்லாம் அதற்கு அப்புறம்தான். பிறகு லாக் சோதனை, பிறகு பேஜ்மேக்கரும் எழுத்துருவும், பிறகு ஒரு பழைய பத்திரிகையை பிடிஎஃப் ஆக்கி அச்சிட்டுப் பார்ப்பது. எல்லாம் சரியாக வந்தாலும் பழைய கணினியை விற்கவோ காயலான் கடைக்குப் போடவோ வேண்டாம். தை தொடங்கி வைகாசி வரை ஒரு முகூர்த்த சீசன் முழுவதும் அது பக்கத்தில் இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு தடவை சிறிது நேரம் ஓட விடுங்கள். உங்கள் லாக் யூஎஸ்பியா பேரலலா, அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே பதிலாக எழுதினால் அடுத்த படியைச் சொல்கிறேன்.